ஐந்தாம் நாள்தான் மீன்

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருக்கும் நாலு மாடிக் கட்டடத்தின் மேலே, மொட்டைமாடியில், ஒரு பழைய சீமெந்துத் தொட்டி கிடக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி வந்த பிறகு அதை யாரும் பாவிக்கவில்லை. மழைத் தண்ணீர் நிற்கும், நுளம்பு முட்டையிடும். கீழ்வீட்டு நானாவின் மகள் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி வந்தவள். அதனால் அவர் தொட்டியை உடைக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் எனக்கு அந்தத் தொட்டி வேண்டும். வேலை செய்த காலமெல்லாம் துறைமுகத்தில் இரும்புப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தவன் நான். ஓய்வு எடுத்த பிறகாவது அசைகிற எதையாவது பார்க்க வேண்டும் என்று இருந்தது.

“மீன் விட்டா நுளம்புப் புழுவைத் தின்னும், நானா” என்றேன்.

“மீன் தின்னுமா, மீனை நுளம்பு தின்னுமா, எனக்குத் தெரியா. ஒரு புழு கண்டாலும் அண்டைக்கே ஒடைப்பேன்.”

“உடையுங்கோ. சுத்தியலை நானே தாறன்.”

இப்படி வாயைக் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் மாதா கோவில் திருவிழா வந்தால் வீட்டைத் தேய்க்கிற தேய்ப்பில் சுவர் மெலியும். அதே மாதிரி நான் தொட்டியைத் தேய்த்தேன். பாசி, சேறு, காய்ந்த இலை எல்லாவற்றையும் வழித்து எறிந்தேன். பிளீச்சிங் தூள் போட்டு இரண்டு முறை கழுவினேன். குழாய்த் தண்ணீர் நிரப்பினேன். அடி தெரிந்தது. சந்தோஷத்தில் அன்றைக்கே பத்துக் கப்பி மீன் வாங்கி வந்து விட்டேன். விடிந்தபோது பத்தும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

சில நாட்களில் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். வெள்ளைக் கரண்டியால் தண்ணீரை அள்ளிப் பார்த்தார். புழுக்கள் நெளிந்தன. அவ்வளவு சுத்தமான தண்ணீர் நுளம்புக்கு மிகவும் பிடிக்குமாம். ஒரு மாதத்தில் திரும்பி வருவேன், அப்போதும் இருந்தால் வழக்கு என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். நானா சுத்தியல் கேட்கவில்லை. ஒரு மாதம் பொறுப்போம் என்றார். அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

வீட்டில் மனைவி சிரித்தாள்.

“ஞாயிறு மறைக்கல்வியில என்ன படிச்சனீங்கள்? கடவுளே மீனை ஐஞ்சாம் நாள்தான் விட்டவர். தண்ணி, வெளிச்சம், புல்லு பூண்டு எல்லாம் முதல்ல. நீங்கள் முதல் நாளே விட்டிட்டியள்.”

“அவருக்குப் பிளீச்சிங் தூள் இல்லை.”

“அதுதான் உலகம் உருப்பட்டது.”

அவள் பகிடிக்குச் சொன்னாள். எனக்கு உறைத்தது. வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கையிடம் போனேன். அவளுடைய பல்கனியில் தாமரைச் சட்டி இருக்கிறது, அதில் கப்பி மீன் பெருகிக் கிடக்கும். மீன் கேட்டேன்.

“இப்ப மீன் தரமாட்டன், அண்ணா. முதல்ல சேத்தைக் கொண்டு போங்கோ” என்று அரை வாளி கறுப்புச் சேறும் கொஞ்சம் பாசியும் தந்தாள்.

அந்த வாளியோடு பஸ் ஏறினேன். நாற்றம் எடுத்தது. ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் பின்னால் போனாள். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“அங்கிள், மீன் எங்க?”

“இனித்தான் வரும்.”

பழைய தண்ணீரை இறைத்து ஊற்றினேன். புதுத் தண்ணீரை மருந்து வாடை போக நாலு நாள் வெயிலில் விட்டேன், பிறகு சேற்றைக் கொட்டினேன். பழைய நுளம்பு வலையை மேலே இறுக்கிக் கட்டினேன். பிறகு ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அதுதான் கஷ்டமான வேலை.

முதலில் தண்ணீர் கலங்கியது. பிறகு பச்சையாகியது. பிறகு அந்தப் பச்சைக்குள் ஊசிமுனை அளவில் எதுவோ துள்ளியது. அதை யார் விட்டது? சேற்றோடு வந்திருக்கும். உயிர் உயிரிலிருந்துதான் வருகிறது. அப்படியானால் முதலாவது எங்கிருந்து வந்தது? வெறும் பாறையும் தண்ணீரும் வெயிலும் இருந்த பூமியில் எப்படித் தொடங்கியது? எனக்குத் தெரியாது. படித்தவர்களுக்கும் முழுதாகத் தெரியாது, தெரியாது என்று ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் பிறகு நடந்தது தெரியும். கண்ணுக்குத் தெரியாத பச்சை உயிர்கள் வெயிலைத் தின்று, கோடிக்கணக்கான வருடம் மூச்சை விட்டு விட்டு, நாங்கள் சுவாசிக்கிற காற்றை உண்டாக்கின. அந்த இனத்தைத்தான் நான் தும்புக்கட்டையால் தேய்த்து எறிந்தேன். பாசியை அழுக்கு என்று சொல்கிறவன் மூச்சை அடக்கிக்கொண்டு சொல்லட்டும்.

மூன்றாம் வாரம் தங்கை மீன் தந்தாள், ஆறே ஆறு. வலையைக் கழற்றினேன். ஆறும் சாகவில்லை. பாசியைக் கொத்தின, துள்ளுகிறதைத் தின்றன. மீன் போட்ட கழிவில் பாசி இன்னும் தடித்தது. ஒருநாள் காகம் வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. அரை மணித்தியாலம் காகத்தைத் திட்டினேன். பிறகுதான் அதற்கும் வயிறு இருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நாள் பாசிக்குள் கண் மட்டும் உள்ள குட்டிகள். எண்ணத் தொடங்கிப் பிழைத்துப் பிழைத்துக் கடைசியில் விட்டுவிட்டேன். மனைவியைக் கூப்பிட்டேன். சட்டி அடுப்பில் இருக்கிறது என்று கத்திக்கொண்டே வந்தவள் அங்கேயே குந்திவிட்டாள். அன்றைக்குக் கறி அடிப்பிடித்தது. நாங்கள் சிரித்துக்கொண்டு சாப்பிட்டோம்.

பரிசோதகர் சொன்னபடி வந்தார். நானாவும் மேலே வந்தார். சுத்தியலும் வந்தது, நான்தான் கொண்டுவந்து வைத்தேன், சொன்ன சொல் சொல்தானே. பரிசோதகர் பச்சைத் தண்ணீரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கரண்டியால் அள்ளினார், புழு இல்லை. மூலையில் அள்ளினார், இல்லை. பாசிக்கு அடியில் அள்ளினார். கரண்டிக்குள் ஒரு மீன்குட்டி நின்று அவரைப் பார்த்தது.

“ஹொந்தாய்” என்றார். நல்லது என்று அர்த்தம். குட்டியை மெதுவாகத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நானா தானும் கரண்டியை வாங்கி ஏழெட்டு முறை அள்ளிப் பார்த்தார். மகளைப் பெற்றவர், பார்க்கத்தான் வேணும்.

“இப்ப ஒண்டும் இல்ல” என்றார். “ஆனா ஒவ்வொரு வெள்ளியும் வந்து பாப்பேன், அண்ணன். நம்ப ஏலாது.”

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தார், பார்த்தார், போனார். அடுத்த வெள்ளி மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கு அடுத்த வெள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தார். நுளம்புப் புழு பார்க்க வருகிறவருக்கு நாற்காலி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் திருப்பிக் கொண்டு போய்விடுவார்.