மாடு இழுத்த கார்

மார்கழி முழுக்கக் கொட்டகையில் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்து, எங்கள் பழைய காரை ஒருவழியாக ஓட வைத்தேன். மறுநாள் அது ஸ்டார்ட் ஆகவில்லை. பானட்டைத் திறந்தால் எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் காணோம். அப்பாதான் அதைக் கழற்றி நெற்குதிருக்குள் போட்டிருந்தார்.

"ஓடுற வண்டின்னா எலெக்‌ஷனுக்குக் கேப்பாங்க. ஒரு கட்சிக்குக் குடுத்தா, அடுத்த கட்சிக்காரன் அறுப்புக்கு ஆளை விடமாட்டான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மாலையே ஒரு கட்சியின் ஆட்கள் வந்தார்கள்.

"வண்டி ஓடாதுங்க" என்றார் அப்பா.

"பரவாயில்லங்க, மைக் கட்டத்தானே. மாடு பூட்டி இழுத்துக்கறோம்."

எங்கள் மாடுகளையே பூட்டி, நான் பெயின்ட் அடித்த கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டி, ஊரெல்லாம் இழுத்தார்கள்.

தை அறுப்புக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. சாய்ந்து கிடந்த கதிரைப் பார்த்தபடி அப்பா சொன்னார்: "நல்லவேளை, அந்த மூடி பத்திரமா இருக்கு."