மாடிக்கு வேலைக்குப் போகிறவர்

வாசல் கதவைச் சாத்திவிட்டு, "அப்பா, போயிட்டு வாரேன்" என்று ஜன்னல் வழியாகச் சொல்கிறார் ஸ்டெபி. தோளில் கைப்பை, கையில் சாப்பாட்டுப் பாத்திரம், கழுத்தில் அடையாள அட்டை. சமாதானபுரத்தில் எங்கள் தெரு முனையில் இருக்கும் பேருந்து நிறுத்தம் வரை நடக்கிறார். கூட்டத்தோடு கொஞ்ச நேரம் நிற்கிறார். பேருந்து வந்து மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போனதும் திரும்பி நடந்து, தன் வீட்டு வெளிப்படியில் ஏறி மாடியறையைத் திறக்கிறார். ஆபீஸ் வந்தாயிற்று.

எதிர்வீட்டுக்காரனான எனக்கு முதலில் இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"வீட்டுல எந்திச்சு வீட்டுலயே ஒக்காந்தா, இது வேலைன்னு மனசு நம்ப மாட்டேங்கு அண்ணாச்சி. ஒடம்ப ஒருதடவ வெளிய கொண்டு போயிட்டு வரணும்" என்றார். தன்னிடம் படிக்கும் பிள்ளைகளையும் இப்படி நடக்கவிடுகிறாராம். பாவம், அவர்கள் தெருக்காரர்கள் என்ன நினைக்கிறார்களோ.

மாடியில் நடப்பது கல்லூரிப் பெண்களுக்கான வகுப்பு. எந்தக் கம்பெனியிலும் சேராமல், வீட்டிலிருந்தபடியே கணினியில் வெளியூர், வெளிநாட்டு வேலைகளை எடுத்துச் செய்யப் பழக்குகிறார். லேபிள் வரைவது, வெளிநாட்டுப் படத்துக்கு அடியில் வசனம் எழுதுவது எல்லாம் பிள்ளைகளுக்குச் சட்டென்று வந்துவிடுகிறது. வராத ஒன்று, கூலி கேட்பது. சேரன்மகாதேவியிலிருந்து வரும் விஜயஸ்ரீ, நார்வேயில் பேக்கரி வைத்திருக்கும் ஒருவருக்கு, 'நீங்களே பார்த்துக் கொடுங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டாள். அந்த மனிதர் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்.

"ஏட்டி, ஒனக்கு என்ன வேணும்னு நீதான் சொல்லணும். அவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று மேசையைத் தட்டினார் ஸ்டெபி. தெருவுக்கே கேட்டது.

ஸ்டெபி சென்னையில் ஒரு பெரிய அலுவலகத்தில் சில காலம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற வாத்தியாரான அப்பா, அப்பாத்துரை சார், பக்கவாதத்தில் விழுந்ததும் திரும்பி வந்தார். அம்மா இல்லை, ஒற்றைப் பிள்ளை. அப்பாவுக்கு ஒரு பக்கம் இன்னும் எழவில்லை. சென்னைப் பேச்சை எடுத்தால் ஸ்டெபி வாயில் சம்பளம், பதவி எதுவும் வராது. சாயங்கால டீயும், லில்லி என்ற தோழியும், மழையில் எல்லாரும் ஒரே கூரைக்குள் ஒண்டிக்கொண்டு நின்றதும்தான் வரும்.

"இங்கன எனக்கு என்ன கொறச்சல்? ஆனாலும் ஆசை இருக்கத்தான செய்யுது" என்பார், ஒளிக்காமல். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

போன வாரம் தங்கை மகளுக்கு இடம் கேட்டு மாடிக்குப் போயிருந்தேன். அந்த நேரம் மேலப்பாளையத்திலிருந்து மைதீன் பாத்திமா வந்தார். அவர் மகள் ஹனீன்தான் வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவளுக்குக் கோயம்புத்தூர் அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் விடவில்லை.

"நீங்கதான டீச்சர் சொன்னிய, வீட்டுல இருந்தே ஒலகத்துக்கு வேலை செய்யலாம்னு? அவ வாப்பாவும் அதத்தான் சொல்லுதாவ. பொறவு எதுக்குக் கோயம்புத்தூரு? நீங்க சொன்னா கேப்பா. பைய எடுத்துச் சொல்லுங்க."

ஸ்டெபியின் முகம் விழுந்துவிட்டது. பெண்பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கட்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்ததே ஹனீனை வீட்டில் நிறுத்திவைக்கக் காரணமாகிவிட்டது.

"நான் வேற வழியில்லாம இருக்கேன் அக்கா. அவளுக்கு வழி இருக்குல்லா? மத்தியானம் பாத்திரத்தத் தொறந்தா, ஒங்க வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்புன்னு கேக்க பக்கத்துல ஒரு ஆளு வேணும். நான் இங்கன தனியாத்தான் திங்கேன். அவ போட்டும்."

மைதீன் பாத்திமா முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, "அவ வாப்பாட்ட நான் பேசிக்கிடுதேன். ஆனா மொதல்ல நானும் கூடப் போயி எடத்தப் பாக்கணும்" என்றார்.

"மனசு மாறதுக்குள்ள டிக்கெட் போட்ருவோம்" என்று ஸ்டெபி உடனே கைபேசியை எடுத்தார். பக்கத்தில் இருந்த எனக்குத் திரை தெரிந்தது. பேருந்தின் இருக்கைகள் கட்டம் கட்டமாக வந்தன. ஹனீனுக்கு ஜன்னலோரம் ஒன்றைத் தொட்டார், அவள் அம்மாவுக்கு அதற்கு அடுத்ததைத் தொட்டார். விரல் கொஞ்சம் தயங்கி, பின்வரிசையில் இன்னொரு ஜன்னலோரத்தையும் தொட்டது.

கீழேயிருந்து அப்பாத்துரை சார் கூப்பிட்டார். "இந்தா வாரேம்ப்பா" என்று குரல் கொடுத்துக்கொண்டே, அந்த மூன்றாவது கட்டத்தை மறுபடி தொட்டு வேறு யாருக்கோ விட்டுக்கொடுத்தார் ஸ்டெபி.