சைவக்கடை வீட்டில் என் மருந்து

முதலில் தெரிந்தது பாவாடை நாடாவில்தான். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இடுப்பில் நிற்காமல் நழுவியது. பிறகு மலத்தில் எண்ணெய் படிந்து வந்தது. வாளிக் கக்கூஸ் காலம் அது. பக்கத்து அறைக் குடித்தனக்காரர்கள் நாற்றத்தைச் சொல்லிக் காட்டினார்கள்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் குடியிருந்தோம். கடை என் கணவரின் அண்ணனுடையது. பெரியத்தான் என்று கூப்பிடுவேன். என் கணவர் கல்லாவில் உட்காருவார், நான் சமையற்கட்டில். மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டும் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. மேல்வயிற்றில் எழும் வலி முதுகுக்குப் பாயும்.

"நம்ம கடைச் சாப்பாட்ட சாப்பிட்டு இப்படி இளைச்சா, வர்றவங்க என்ன நினைப்பாங்க? ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு" என்றார் பெரியத்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் தமிழ் டாக்டர் ஒருவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கணையத்தில் (இரைப்பைக்குப் பின்னால் உள்ள சுரப்பி) கற்கண்டு உடைத்துப் போட்டதுபோல் வெள்ளைப் புள்ளிகள். எல்லாம் கல் என்றார்.

"சாப்பாடு குடலுக்கு எறங்கினதும், குடல் ரத்தத்துல ஹார்மோன் விடும்மா. அது போய்க் கணையத்த எழுப்பும். கணையத்து ஜூஸ் வந்தாத்தான் கொழுப்பு கரையும். உங்களுக்குத் தகவல் போவுது, அங்க வேல செய்ய ஆளில்ல."

ஹார்மோன் (ரத்தத்தின் வழியே ஓர் உறுப்பு இன்னோர் உறுப்புக்கு அனுப்பும் சுரப்பு) என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

"கல்லு எப்படி வந்துச்சு, டாக்டர்?"

"தெரியல. தெரியும்னு சொன்னா பொய்." படத்தை உறைக்குள் போட்டார். "மருந்து இருக்கு. சாப்பாட்டோட சேக்கற பொடி. பன்னியோட கணையத்துலேருந்து எடுக்கறது. நீங்க சைவம். மறைக்கக் கூடாது, அதான் சொல்றேன்."

"வேற இருக்கா?"

"இல்லம்மா."

"குடுங்க" என்றேன். யோசிக்கவில்லை. பசித்தது.

வீட்டில் ஒளிக்காமல் சொன்னேன். பெரியத்தான் குரலை உயர்த்தவில்லை. "சைவக்கடை நடத்துறோம் லா. இனிமே அந்தக் கை சமையக்கட்டுல படக்கூடாது." என் தட்டும் கிண்ணமும் பின்கட்டு மாடிப்படிக்குக் கீழே போயின. நானும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

"கொஞ்ச நாளைக்குத்தான், பொறுத்துக்க" என்றார் என் கணவர், தரையைப் பார்த்தபடி.

பெரியத்தானுக்கு நீரிழிவு. காலையில் தொடையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். அடுத்த முறை போனபோது அது எதிலிருந்து வருகிறது என்று டாக்டரிடம் கேட்டேன். "மாடு, பன்னி. அதுவும் கணையத்துலேருந்துதான்" என்றார்.

மறுநாள் பெரியத்தான் ஊசி போட்டு முடிக்கும்வரை காத்திருந்து அதைச் சொன்னேன். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினார்.

"அது ஊசி. இது வாயில போறது."

என் கணவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். பிறகு கல்லாவுக்கு இறங்கிப் போனார்.

சில மாதங்களில் உடம்பில் சதை பிடித்தது. பெரியத்தான் வாடிக்கையாளர் ஒருவரிடம் பேசுவது படிக்கட்டுக்குக் கீழே எனக்குக் கேட்டது: "தம்பி சம்சாரமா? நம்ம கடைச் சாப்பாடுதான் தேத்துச்சு."

வலி இன்னும் வருகிறது. கல் அங்கேயேதான் இருக்கிறது. எத்தனையோ வருடமாகியும் "கொஞ்ச நாள்" முடியவில்லை.

இதே நோய் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்வேன். பொடியைச் சூட்டோடு கலக்காதீர்கள், வேலை செய்யாது. ஆறிய கஞ்சியில் கலந்தால் கெட்டிக் கஞ்சி கண்ணெதிரே நீர்த்துப்போகும். எல்லோருக்கும் வயிற்றுக்குள் தானாக நடப்பது கிண்ணத்தில் நடந்ததை முதலில் பார்த்தபோது நான் அழுதேன்.

முன்பெல்லாம் கை கழுவியதும் சாப்பாடு முடிந்துவிடும். இப்போது அதற்குப் பிறகுதான் வயிற்றில் கை வைத்தபடி, உள்ளே கரைகிறதா, வலிக்கப்போகிறதா என்று காத்திருக்கிறேன். பொழுது சாய்கிறது. முன்னால் கடையில் அடுத்த பந்திக்கு இலை போடுகிறார்கள். மத்தியானம் சாப்பிட்டதையே நான் இன்னும் முடிக்கவில்லை.