சீனியர் டிவிஷனில் குணசுந்தரி

காசிமேட்டில் மீன் ஏலம் கூவுகிற குணசுந்தரிக்கு மெதுவாகப் பேச வராது. வீட்டில் அவள் உப்பு கேட்டால் பக்கத்துத் தெருவில் யாராவது எடுத்துக்கொண்டு வருவார்கள். அந்தத் தொண்டைக்காகத்தான் திருவொற்றியூர் குப்பத்துப் பையன்கள் அவளைத் தங்கள் கால்பந்துக் கிளப்புக்குச் செயலாளர் ஆக்கினார்கள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரியும் என்றும் யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். லைன்ஸ்மேன் கொடி தூக்கினால் அது கத்த வேண்டிய நேரம் என்பது மட்டும் தெரியும்.

கிளப்பின் பெயர் டால்பின் எஃப்.சி. 'சுறா' என்று வைக்கத்தான் ஆசைப்பட்டார்கள். வேறு ஒரு கிளப் முந்திக்கொண்டது. "டால்பினும் பெருசுதாம்பா. கடிக்காது, அவ்ளோதான்" என்று குணசுந்தரி பஞ்சாயத்தை முடித்துவைத்தாள்.

கீழ் டிவிஷனில் டால்பினை அடிக்க ஆள் இல்லை. அதற்கு ஒரே காரணம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். பையன்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் படகுகளில் வலை இழுக்கிறவர்கள். கீழ் டிவிஷன் ஆட்டங்கள் நடப்பதும் சரியாக அந்த வெயிலில்தான். எதிரணிக்காரன் நிழல் தேடி ஓடுவான். இவர்கள் வேறு வேலை இல்லாமல் பந்தின் பின்னால் ஓடுவார்கள். அப்படி ஓடி ஓடி, ஒருநாள் தெரியாத்தனமாக சீனியர் டிவிஷனுக்குள் விழுந்துவிட்டார்கள்.

சீனியர் டிவிஷன் தொடங்குவது ஜூலையில். படகுகள் எல்லாம் அப்போது கடலில்.

முதல் ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தது எட்டுப் பேர். அதில் ஒருவனுக்குக் காய்ச்சல். ஆறு கோல் வாங்கினார்கள். கால்பந்துச் சங்கத்து அதிகாரி ஒருவர், ரயில் தாமதத்தை அறிவிக்கிற குரலில், வருத்தமும் இல்லாமல் சந்தோஷமும் இல்லாமல் சொன்னார்: "அதாவது பாத்தீங்கன்னா மேடம், ஏழு பேருக்குக் கொறஞ்சா மேட்ச்சே கெடயாது. உங்க மாதிரி டீமுங்க ஒரு வருஷம் வருவாங்க, போட்டோ எடுத்துக்குவாங்க, போயிருவாங்க. அது இயற்கை."

"இயற்கையா?" என்றாள் குணசுந்தரி. "நாங்க இன்னா சார், புயலா? வந்துட்டுப் போறதுக்கு?"

கீழே இறங்கினால் போட்டோ மட்டும் மிஞ்சும் என்பது அவளுக்குத் தெரியும். சீனியர் டிவிஷனில் ஆடியதற்கான சான்றிதழ் இருந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குப் போடுகிற மனுவை எவனாவது பிரித்துப் பார்ப்பான். அந்தச் சான்றிதழுக்கு இரண்டு வருடம் ஆடியிருக்க வேண்டும். கேப்டன் எழிலன் வியாசர்பாடிப் பையன், மணலியில் கான்ட்ராக்ட் வேலை. அவனும் இன்னும் மூன்று பேரும் மனுவை எழுதி வைத்துவிட்டு, இன்னொரு வருடத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து குணசுந்தரி அணியைக் கால் பார்த்துப் பிரிப்பதை விட்டுவிட்டுப் படகு பார்த்துப் பிரித்தாள். எந்தப் படகு என்றைக்குப் புறப்படும், எத்தனை நாள் தங்கும், எப்போது கரை ஏறும் என்பது ஏலக்காரிக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டாள். தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேர் ஒரே படகில் போகக் கூடாது. கோல் போடுகிறவனும் அவனுக்குப் பந்து கொடுக்கிறவனும் ஒரே நாளில் கரையில் இருக்க வேண்டும். படகு முதலாளிகளிடம் போய் நின்றாள்.

"இவன ஒன் போட்டுல ஏத்திக்கோ நைனா, அவன அந்தப் போட்டுக்கு வுட்ரு."

"நான் மீன் புடிக்கப் போறனா, டீமு செலக்‌ஷனா?" என்று ஒரு முதலாளி கேட்டார்.

"ஒன் மீன மொத ஆளா ஏலத்துல எடுக்கறது யாரு?"

முதலாளி ஆளை மாற்றிக்கொண்டார்.

இப்படியே வண்டி ஓடியது. மூன்று வெற்றி, ஆறு டிரா, மீதியைப் பேச வேண்டாம். கடைசி ஆட்டம் ஒன்று பாக்கி. டிரா செய்தால் தங்கலாம். தோற்றால் கீழே.

இந்த இடத்தில்தான் குணசுந்தரி ஒரு நல்ல காரியம் செய்து கெட்டாள்.

டால்பினுக்குக் கோலிகள், அதாவது கோல்கீப்பர்கள், இரண்டு பேர்: விமல், மதி. யார் முதல் கோலி என்று ஒன்றரை வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஒரே படகில் ஏற மாட்டார்கள். அதனால் எப்போதும் ஒரு கோலி கரையில் இருந்தான். பயிற்சியில் இவர்கள் முறைத்துக்கொள்வது பொறுக்காமல், குணசுந்தரி இரண்டு பேரையும் வீட்டுக்கு வரவழைத்து, ஒரே தட்டில் பிரியாணி போட்டு, கையைப் பிடித்துச் சேர்த்துவைத்தாள். அழுதார்கள். "மச்சான்" என்றார்கள். அடுத்த நாள் காலையில் தோளில் கைபோட்டுக்கொண்டு ஒரே படகில் ஏறிப் போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை திரும்ப வேண்டிய படகு வரவில்லை. ஆட்டம் சனிக்கிழமை சாயங்காலம். குணசுந்தரி துறைமுகத்தில் ஒரு படகில் ஏறி வயர்லெஸ்ஸைப் பிடித்தாள்.

"விமலு! எங்கடா கீறீங்க? ஓவர்!"

கரகரவென்று குரல் வந்தது. "யக்கா! கடம்பா மீனு குமுறுது யக்கா! அள்ள அள்ளக் கொறயல. திங்கக்கெயமதான் வருவோம். ஓவர்!"

"நாளைக்கு மேட்ச்சுடா கஸ்மாலம்! ஓவர்!"

"மதி கீறான்ல யக்கா? ஓவர்!"

"அவன் எங்கடா கீறான்? ஓவர்!"

அங்கே வயர்லெஸ் கை மாறியது. அப்புறம் இன்னொரு குரல், மெலிதாக: "இங்கதான் யக்கா. ஐஸ் ஒடச்சினு கீறேன். ஓவர்."

வயர்லெஸ்ஸில் சொல்லக் கூடாத வார்த்தைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதை குணசுந்தரி அன்றைக்கு முழுசாகச் சொல்லி முடித்தாள்.

சீசன் தொடக்கத்தில் பதிவு செய்த பெயர்களை விட்டால் வேறு யாரையும் இறக்க முடியாது. பட்டியலை எடுத்துப் பார்த்தாள். கரையில் இருந்தவர்கள் பத்துப் பேர். பதினோராவதாக, பட்டியலில் இடம் காலியாக இருக்கக் கூடாதே என்று அவளே எழுதிவைத்த ஒரு பெயர் இருந்தது. ராமதாஸ், வயது நாற்பத்தெட்டு. தொழில், ஷேர் ஆட்டோ. உறவு, புருஷன்.

"யோவ், நாளைக்கு சவாரி போவாத."

"இன்னாத்துக்கு?"

"கோலி."

ராமதாஸ் வாயில் வைத்த இட்லியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்தார். "இன்னா வெளயாடுறியா? பந்து வந்தா நான் இன்னா பண்றது?"

"ஓடாம இரு. வூட்ல அதானே பண்ற?"

மறுநாள் மைதானத்தில் ராமதாஸுக்கு விமலின் சட்டை தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. எதிரணி ஒரு ஆபீஸ் டீம். மாதச் சம்பளம், கேண்டீன் சாப்பாடு, ஆளுக்கு இரண்டு ஜோடி பூட்ஸ். அவர்களுடைய கோச் ராமதாஸைப் பார்த்து, "கோல் போஸ்ட்டுக்கு முன்னாடி யாரோ பெரியவர் நிக்கிறார், ஓரமா போகச் சொல்லுங்க" என்றார்.

"அவருதான் சார் கோலி" என்றான் எழிலன். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டான்.

முதல் பாதி முழுக்க டால்பின் பத்துப் பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் வேலி போட்டார்கள். அப்படியும் பந்து வந்தது. ஒன்று கம்பத்தில் பட்டது. ஒன்றைத் தடுக்கப் போய் ராமதாஸ் வழுக்கி விழ, பந்தும் அவர் மேலேயே விழுந்தது. குணசுந்தரி கோலுக்குப் பின்னால் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, "ரைட்டுல வரான்யா! ரைட்டு!" என்று கத்த, ராமதாஸ் இருபது வருடக் கல்யாணப் பழக்கத்தில் லெஃப்டில் போனார். அவர் நல்ல நேரம், அடித்தவனும் லெஃப்டிலேயே அடித்தான்.

ரெஃப்ரி வந்தார். ஹெட்மாஸ்டர் குரல், ஹெட்மாஸ்டர் விரல். "அம்மா, கோலுக்குப் பின்னால நின்னு கோச்சிங் குடுக்கக் கூடாது. இன்னொரு முறை வாயத் தொறந்தீங்க, வெளிய அனுப்பிருவேன்."

இரண்டாம் பாதியில் குணசுந்தரி அதே இடத்தில் நின்று மீன் விற்றாள். வஞ்சிரம் என்றால் வலது, சங்கரா என்றால் இடது, நெத்திலி என்றால் நின்ற இடத்திலேயே நில் என்று இடைவேளையில் ராமதாஸின் காதைத் திருகிச் சொல்லியிருந்தாள்.

"வஞ்சிரம்! வஞ்சிரம்! வஞ்சிரம்யா!"

ராமதாஸ் வலது பக்கம் சாய்ந்தார். பந்து அவர் முட்டியில் பட்டு வெளியே போனது.

"அம்மா!" ரெஃப்ரி ஓடி வந்தார்.

"யாவாரம் சார். தொண்ட பயகிப்போச்சு."

ஏலத்தில் எவன் எந்தக் கூடைக்குக் கேட்கப் போகிறான் என்பதை அவன் வாய் திறப்பதற்கு முன்பே அவள் கண்டுபிடித்தாக வேண்டும். வேண்டிய கூடையைப் பார்க்காமல் பக்கத்துக் கூடையைப் பார்ப்பான். தோள் ஒரு நூல் இறங்கும். கால் மட்டும் பொய் சொல்லாது. ஆபீஸ் டீம் ஆட்களும் அப்படியேதான் இருந்தார்கள், பூட்ஸ் மட்டும் விலை கூட.

முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது எழிலன் கோல் கட்டத்துக்குள் எதிரணி ஆள் ஒருவனைத் தள்ளிவிட்டான். பெனால்ட்டி. எழிலன் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான்.

அடிக்க வந்தவன் அவர்களுடைய பெரிய ஆள். வலது மூலையைப் பார்த்தான். அப்புறம் இடது மூலையைப் பார்த்தான். இரண்டையும் பார்க்கிறான் என்றால் இரண்டும் வேண்டாம் என்று அர்த்தம். நடுவில் கிடக்கிற கூடையை அடிவிலைக்குத் தூக்கப் பார்க்கிற வியாபாரி அப்படித்தான் கண்ணை உருட்டுவான்.

குணசுந்தரி கம்பிவேலியில் முகத்தை ஒட்டிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகச் சொன்னாள்.

"நெத்திலி."

அவன் ஓடி வந்தான். ராமதாஸின் உடம்பு எங்கேயாவது பாய்ந்துவிடலாம் என்று துடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். பந்து வயிற்றில் குத்தி, மேலே எழும்பி, முன்னால் விழுந்தது. ராமதாஸ் அடைகாக்கிற கோழி மாதிரி அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கச் சொல்லி ரெஃப்ரி விசில் ஊதிப் பார்த்தார். அவர் எழவில்லை.

விசில் கடைசியாக ஊதும்போது கோல் யாருக்கும் இல்லை. பையன்கள் ராமதாஸைத் தூக்கப் பார்த்தார்கள். நான்கு பேரால் முடியாமல் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். எழிலன் வேலிக்கு இந்தப் பக்கம் ஓடிவந்து, "யக்கா" என்று அவள் புடவை முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

ரெஃப்ரி நோட்டோடு வந்து நின்றார். "அம்மா, எனக்கு எல்லாம் புரிஞ்சுது. நான் மீன் சாப்பிடுறவன்தான். ரிப்போர்ட் எழுதுறேன். அடுத்த சீசன்ல முதல் ரெண்டு மேட்ச்சுக்கு நீங்க கிரவுண்டுக்குள்ள கால் வைக்க முடியாது."

குணசுந்தரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த டிவிஷன்ல சார்?"

"எந்த டிவிஷன்லன்னா? சீனியர் டிவிஷன்லதான்."

"டேய் எயிலா, இங்க வா" என்று கூப்பிட்டு அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். "சார், அத்த இன்னொரு தபா சொல்லு. கொஞ்சம் சத்தமா."