படிக்கட்டு வரைபடத்தோடு போன காலாண்டிதழ்

1. வெள்ளிக்கிழமை மதியம் காலாண்டிதழைப் படிக்கட்டு வரைபடத்துக்குள் வைத்துச் சுருட்டினேன்.

2. மாமல்லபுரம் ஜீப் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தது.

3. தலைமை வரைவாளர் தம் கையாலேயே அந்தச் சுருளை டிரைவரிடம் கொடுத்தார்.

4. பக்கத்து மேஜை அக்கா, வாயில் தயிர்சாதத்தோடு எழுந்து நின்றாள்.

5. ஜீப் போய்விட்டது.

செங்கற்பட்டில் எங்களுடையது கட்டடப் பிரிவு அலுவலகம். நான் டிப்ளமா முடித்து வரைவாளராகச் சேர்ந்திருந்தேன். அக்கா டிரேசர், வரைபடங்களை நகலெடுப்பவள். தலைமை வரைவாளரை நாங்கள் தலைவர் என்போம்; அலுவலக மனமகிழ் மன்றத்துக்கும் அவர்தான் தலைவர். வேலை நேரத்தில் இதழ் படிப்பதைத் தலைவர் பார்த்துவிட்டால் பிடுங்கி வைத்துக்கொள்வார். அதனால் அவர் தலை தெரிந்ததும் வரைபடத்தை இதழின் மேல் சுருட்டிவிடுவோம். மேஜை சுத்தமாக இருக்கும். அவரும் "பலே" என்பார்.

அவசரநிலை முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. செய்தி இதழ்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வாய் திறந்ததுபோல இருந்தது. அலுவலக மனமகிழ் மன்றம் நான்கு இதழ்களை வரவழைத்தது. செய்தி வார இதழை ஆண்கள் உரக்கப் படித்துச் சண்டை போட்டார்கள். குடும்ப வார இதழில் தொடர்கதை வரும் பக்கங்களை மட்டும் யாரோ ஒழுங்காகக் கிழித்துச் சேர்த்துவந்தார்கள். அறிவியல் மாத இதழில் எனக்குப் பிடித்தது கேள்வி பதில். நான்காவது அந்தக் காலாண்டிதழ். அட்டையில் படம் கிடையாது. காகிதம் பழுப்பு, மை கையில் ஒட்டும். ஆனால் அதில் ஒரு கதையைப் படித்துவிட்டு வீட்டுக்கு நடந்தால், ரயில்வே கேட் மூடியிருப்பதுகூட எனக்குச் சந்தோஷமாக இருக்கும். நின்று இன்னொரு முறை நினைத்துப் பார்க்கலாம் அல்லவா!

மூன்று பேராவது படிக்காத இதழை நிறுத்திவிடுவது மன்றத்தின் விதி. திங்கட்கிழமை கூட்டம். காலாண்டிதழுக்கு இருந்த வாசகர்கள் நானும் அக்காவும் மட்டும். அதன் இடத்துக்கு ஒரு சினிமா வார இதழைத் தலைவர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். இதில் இதழும் தொலைந்தது என்றால் பேசவே விடமாட்டார்.

சனிக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மாமல்லபுரம் போனேன். கடற்கரையில் ஒரு பயணியர் விடுதி கட்டிக்கொண்டிருந்தோம். கலவை இயந்திரம் சும்மா நின்றது. சவுக்கு நிழலில் ஆட்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தள ஓவர்சீயர். அவர் கையில் என் காலாண்டிதழ்.

"வாம்மா, வா! மீதி எங்க?" என்றார்.

"எந்த மீதி, சார்?"

"இந்தக் கதையோட மீதிதான். புருசங்கிட்ட சண்ட போட்டுகினு பஸ்ஸு ஏறிட்டா. அப்பால இன்னா ஆச்சி? காலீலருந்து இங்க ஒரே பேஜாரு."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. எங்கள் படிக்கட்டு வரைபடம் இரண்டு தாள். முதல் தாள் ஒரு ஜீப்பில் போனால் இரண்டாவது அடுத்த ஜீப்பில் போகும். அந்தப் பழக்கத்தில், கதையின் இரண்டாவது தாளுக்கும் மனிதர் காத்துக்கொண்டிருந்தார்!

"கதை அவ்வளவுதான் சார். அங்கேயே முடிஞ்சுடுச்சு."

"இன்னாது, முடிஞ்சிடிச்சா? பாதிப் படில நிக்க வெச்சா அது படிக்கட்டாம்மா?"

"அவ திரும்பி வந்துருவா சார்," என்றார் கொத்தனார். "இட்லிப் பானைய அடுப்பு மேலயே வெச்சிட்டுப் போயிகீறா."

"க்கும், வருவா!" என்றாள் மணல் சலித்துக்கொண்டிருந்த சித்தாள். "வர்றவ எதுக்குக் கொடைய எத்துகினு போறா?"

"மழ வந்தா?"

"ஒனுக்கு இட்லி வோணும், அதான் அவ வரணுங்கற."

எல்லோரும் சிரித்த சிரிப்பில் ஒரு காகம் பறந்துபோனது. நானும் சிரித்தேன். வயிறு வலிக்கிற சிரிப்பு. குடையை நான் கவனித்திருக்கவே இல்லை. உடனே இதழை வாங்கி அந்தப் பத்தியை மறுபடி படித்தேன். குடை இருந்தது.

"அட்த்த பொஸ்தகத்துல மீதி வரும், பாரு," என்றார் ஓவர்சீயர். "எவனும் இப்படி வுட்டுட்டுப் போகமாட்டான்."

"வராது சார். அடுத்த புஸ்தகமே வருமான்னு தெரியல. திங்கக்கெழம கூட்டத்துல நிறுத்தப் போறாங்க."

"நிறுத்தறானா? எவன்?"

சொன்னேன்.

திங்கட்கிழமை மாலை, டீ வந்த பிறகு கூட்டம் தொடங்கியது. காலாண்டிதழ் என்றதும் நானும் அக்காவும் கை தூக்கினோம். தலைவர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ரெண்டு கை. போதாதும்மா. நிறுத்திடலாம்."

அக்கா மெல்லத் தன் இன்னொரு கையையும் தூக்கினாள். நான் அதை இழுத்துக் கீழே விட்டேன்.

அப்போது வாசலில் டயர் தேய்கிற சத்தம். சிமெண்ட் ஒட்டிய செருப்போடு ஓவர்சீயர் உள்ளே வந்தார். தளத்துக்காரர்களும் மன்ற உறுப்பினர்கள்தான். ஆனால் அதுவரை ஒருவரும் கூட்டத்துக்கு வந்ததில்லை.

"நான் படிக்கறேன். என் கையையும் சேத்துக்கோ," என்றார், டீயை எடுத்துக்கொண்டே.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீயா? நோட்டீஸ் போர்டைக்கூட நீ படிச்சு நான் பார்த்ததில்லையே!"

"நோட்டீஸ் போர்டுல யாருப்பா பஸ்ஸு ஏறிப் போறா?"

அக்கா சிரித்த சிரிப்பில் டீயைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டாள். நான் வரைபட மேஜைக்குக் கீழே பென்சில் தேடுவதுபோலக் குனிந்து, சத்தம் வராமல் கைதட்டினேன்.

இப்போதைய நிலை இதுதான். மன்றத்துக்கு நான்கு இதழ்களும் வருகின்றன. சினிமா இதழைத் தலைவர் சொந்தமாக வாங்கிப் படிக்கிறார். காலாண்டிதழ் முதலில் ஜீப்பில் மாமல்லபுரம் போகிறது. ஓவர்சீயர், கொத்தனார், சித்தாள் எல்லோருக்கும் பிறகு, சுண்ணாம்புக் கைரேகைகளோடு அக்காவிடம் திரும்பி வருகிறது. நான் கடைசி. அந்தக் கதையின் மீதி இன்னும் வரவில்லை.