மூன்றாவது புகார்

நியாயத்துக்காக ஒருத்தி செய்த பூட்டுக்குள் அநியாயமே போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொண்டால், அவள் என்ன செய்வாள்?

ஸாதனா கொச்சியில், மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். வீட்டிலிருந்தபடி இணையதளங்கள் செய்துகொடுத்தாள். கெட்டிக்காரிதான், அதைக் கொஞ்சம் அதிகமாகவே நம்பினாள்.

சுக்குக் கிடங்குகளில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு புகார்த் தளம் வேண்டும் என்று தொழிலாளர் சங்கச் செயலாளர் ஹரிநாராயணன் கேட்டார். செய்துகொடுத்தாள். உள்ளே போகும் புகார் உடனே பூட்டிக்கொள்ளும். சாவியைத் துண்டுகளாக்கிச் சங்கத்தில் பலரிடம் பிரித்துக் கொடுத்திருந்தாள். ஒரே ஆள்மேல் மூன்று பெண்கள் தனித்தனியாகப் புகார் கொடுத்தால்தான் துண்டுகள் ஒன்றுசேரும். அதுவரை எண்ணிக்கை மட்டும் தெரியும். செய்தவளே நினைத்தாலும் படிக்க முடியாது. எவளும் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவள் கணக்கு.

ஒரு கிடங்குக்கு இரண்டு முறை போய், புகார் போடும் விதத்தைச் சொல்லியும் கொடுத்தாள். அங்கே மேஸ்திரி செல்லதுரை சாயா வாங்கிவந்து உபசரித்தான்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள், அங்கே சுக்கு தரம் பிரிக்கும் ரோஜா ஸாதனா வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினாள்.

"நீ செஞ்சது பெட்டியா, குப்பைத்தொட்டியா அக்கா? செல்லதுரை மேல புகார் போட்டு எத்தனை மாசமாச்சு! அவன் கை இன்னும் அடங்கல."

"எத்தனை பேர் போட்டீங்க?"

"ஆறு பேரும்தான்."

ஸாதனா கணினியைத் திறந்து பார்த்தாள். "ஒண்ணுதான் இருக்கு."

"ஆமா, என் போன்ல இருந்து. எல்லாரும் பக்கத்துலதான் நின்னாளுக. கூலி கேக்குறதும் நான்தான், லீவு கேக்குறதும் நான்தான். ஒருத்தி பேசினா செட்டே பேசின மாதிரி."

"தனித்தனியாப் போடணும்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!"

"அடிச்சுக்கிட்டே. ஆறு பேரு கேட்டா ஆறு பேருக்கும் வேலை போகும். ஒருத்தி கேட்டா ஒருத்தியோட போகும். இது தெரியாம எங்களுக்கு எதுக்குப் பூட்டு செய்ய வந்தே?"

ஸாதனாவுக்கு ரோஜாமேல் வந்த கோபம் நிற்க இடமில்லாமல் தன்மேலேயே திரும்பியது. அன்று செல்லதுரை கையால் வாங்கிக் குடித்த சாயா நினைவுக்கு வந்தது.

ஹரிநாராயணனிடம் சொன்னாள். "உடைச்சிடு மோளே" என்றார், ஏதோ தேங்காயைச் சொல்வதுபோல.

"உடைக்க முடிஞ்சா அது பூட்டே இல்ல, சேட்டா! மூணு கேட்டா மூணுதான்."

மற்ற ஐந்து பேரையும் தேடிப்போனாள். மகா ஒருத்திதான் துணிந்து போட்டாள். இருவர் இடப்பள்ளிப் பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டார்கள், போனை எடுக்கவில்லை. இன்னும் இருவர் செல்லதுரை பேரைக் கேட்டதும் முறத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். எண்ணிக்கை இரண்டில் நின்றது. அந்த வாரம் ரோஜாவை வேலைக்கு வர வேண்டாம் என்று செல்லதுரை சொல்லிவிட்டான்.

மறுநாள் பூட்டு திறந்தது.

சங்க அலுவலகத்தில் ஹரிநாராயணன் சத்தமாகப் படித்தார். முதல் புகார் ரோஜாவுடையது. அடுத்தது மகாவுடையது. மூன்றாவதைப் படித்து முடித்து, கீழே இருந்த பேரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஸாதனா, இது உனக்கு நடந்ததா?"

அவள் மடிக்கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். செல்லதுரையைக் கிடங்கிலிருந்து விரட்டிய பிறகும், ரோஜா மறுபடி வேலைக்கு வந்த பிறகும், அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை. ரோஜா கேட்கவுமில்லை.