புளியில் கொதித்த சன்னக்கோதுகள்

சுவிஸில் லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பற்சில்லுகளை அளப்பது என் வேலை. பக்கத்து மேசைக்காரன் சுவிஸ்காரன். சனிக்கிழமைகளில் முந்நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கிற கடதாசியைச் சுடுவதைத் தவிர அவனுக்கு வேறு மதம் கிடையாது. ஒருநாள் ஒரு வாளி நிறையக் கறுத்துப்போன வெற்றுத் தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைக் கொண்டுவந்து வைத்தான். ஏதோ ஒரு இராணுவம் எப்போதோ சுட்டுத் தள்ளியவை. துப்புரவாக்கி, ஒரே அளவாக்கி, திரும்ப வெடிமருந்து நிரப்பினால் கடைத் தோட்டாவைவிட நேராகப் போகுமாம்.

"உன் கை அளவான கை. உதவி செய்வாயா?"

துப்பாக்கிச் சன்னத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்தவனிடம் கேட்கிற கேள்வி. ஆனாலும் புகழ்ச்சி என்றால் நான் உருகிவிடுவேன். தலையாட்டினேன்.

எங்கள் வீட்டில் பித்தளை என்றால் புளிதான். இருந்ததில் பெரிய சட்டியில் பழப்புளியைக் கரைத்து, கோதுகளைக் கொட்டிக் கொதிக்க வைத்தேன். வேலையால் வந்த மனைவி மூடியைத் திறந்து பார்த்தாள்.

"என்னப்பா இது, ரசமோ?"

"சன்னக்கோது."

மூடியைத் திரும்பப் போட்டாள். பிறகு சொன்னாள்: "உள்ளுக்க இருக்கிற கரியில ஈயம் இருக்கும். இனி இந்தச் சட்டியில சமைக்க ஏலாது." ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள்.

ஒரு கிழமை மினக்கெட்டேன். மருந்தைப் பற்றவைக்கிற வெடிமூடி கழலாமலிருக்க இராணுவம் அடியில் நசுக்கிவைத்த விளிம்பைச் சீவினேன். கழுத்துகளை ஒரே நீளத்துக்கு வெட்டினேன். எல்லாம் தாலிக்கொடி மாதிரி மினுங்கின.

பக்கத்து மேசை நண்பன் வந்து பார்த்தான். முனை வளைந்த கம்பியொன்றை எடுத்தான். "உள்ளே விட்டுத் தடவு. அடிப்பக்கம் பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கோது சுடும்போது இரண்டாகப் பிரியும். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்."

நான் தடவிய எல்லாமே எனக்கு நல்லதாகத்தான் பட்டன. மனைவி கம்பியைப் பறித்தாள். மூன்றாவது கோதிலேயே பள்ளத்தைப் பிடித்தாள். முடிவில் மூன்றிலொரு பங்கைக் கழித்துவிட்டாள். அதிகம் மினுங்கியவைதான் அதிகம் போயின.

மிச்சத்துக்கு நண்பன் மருந்து நிரப்பினான். சனிக்கிழமை மூவரும் சூட்டுத்திடலுக்குப் போனோம். ஐந்து முறை சுட்டான். சூடு எங்கே பட்டது என்று காட்டுகிற அவனுடைய திரையில் ஒன்றுமில்லை. பக்கத்துச் சூட்டுப் பாதையில் துப்பாக்கியோடு குப்புறப் படுத்திருந்த கிழவர் எழும்பி, தான் சுடாத ஐந்து சூடுகள் தன் திரையில் விழுந்திருப்பதாகச் சொன்னார். ஐந்தும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. நண்பன் அடுத்தவரின் இலக்கைச் சுட்டிருக்கிறான்.

"கோதில பிழையில்லை எண்டு சொல்லுங்கோ" என்றாள் மனைவி.

பிரெஞ்சில் கொஞ்சம் மரியாதை கலந்து சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பூச்சியப் புள்ளியோடு போய் எங்களுக்குக் கோப்பி வாங்கிவந்தான்.